கேட்காமல் வந்த கார்டு

2024 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வழக்குத் தொடுத்தது. எதிர்த்தரப்பில் வால்மார்ட்டும் பிராஞ்ச் மெசஞ்சர் என்ற பணப் பட்டுவாடா நிறுவனமும். வால்மார்ட்டின் ‘ஸ்பார்க்’ செயலியில் பதிந்துகொண்டு, சொந்தக் காரில் சொந்தப் பெட்ரோலில் மளிகைச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற டிரைவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களைக் கேட்காமலே அவர்கள் பெயரில் கணக்குத் திறந்து, சம்பாதித்த பணத்தை அதில் போட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. 2021 வாக்கில் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்ததாம். அந்தக் கணக்கு வேண்டாம் என்பவருக்கு வேலையும் கிடையாது என்று சொல்லப்பட்டதாகவும் மனுவில் இருந்தது.

அதில் விழுந்த பணத்தைத் தன்னுடைய வங்கிக்கு உடனே மாற்ற வேண்டுமென்றால் 2 சதவீதம் கட்டணம், குறைந்தபட்சம் 2 டாலர் 99 சென்ட். இந்தக் ‘குறைந்தபட்சம்’தான் விஷயமே. 60 டாலரை மாற்றுகிறவருக்கு அது கிட்டத்தட்ட 5 சதவீதம் ஆகிவிடும். கையில் காசு புரள்கிறவர் காத்திருந்து மொத்தமாக மாற்றுவார். அன்றன்றைக்கு எடுத்துச் செலவழிக்கிறவர்தான் அன்றன்றைக்கும் மூன்று டாலர் அழுவார். இப்படி டிரைவர்கள் கட்டியது 1 கோடி டாலருக்கு மேல் என்றது ஆணையம்.

இரண்டு நிறுவனங்களும் மறுத்தன. அவசரத்தில் போட்ட, தகவல் பிழைகள் மலிந்த வழக்கு என்றது வால்மார்ட். அடுத்த மாதமே வாஷிங்டனில் ஆட்சி மாறியது. 2025 மே மாதம் ஆணையம் தானாகவே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே இதில் எது உண்மை என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. சொல்ல வாய்ப்பே வரவில்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

சம்பளம் கொடுக்க வேண்டியவர் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கிப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே, எதற்கு இந்தக் கணக்கும் அதோடு வரும் கார்டும்? அமெரிக்காவில் ஒவ்வொரு முறை கார்டைத் தேய்க்கும்போதும் கடைக்காரர் ஒரு சிறு கட்டணம் கொடுக்கிறார். அது கார்டை வெளியிட்ட வங்கிக்குப் போகும். 2010-ல் வந்த நிதிச் சீர்திருத்தச் சட்டத்தில் செனட்டர் டிக் டர்பின் சேர்த்த ஒரு பிரிவு, டெபிட் கார்டு விஷயத்தில் பெரிய வங்கிகளின் வாயைக் கட்டியது. ஒரு பரிவர்த்தனைக்கு 21 சென்ட்டும் சொற்ப சதவீதமும்தான் என்று மத்திய வங்கி வரம்பு வைத்தது. ஆனால் 1,000 கோடி டாலருக்குக் குறைந்த சொத்துள்ள சின்ன வங்கிகளுக்கு அந்த வரம்பு கிடையாது. டிரைவர் கார்டுகளின் பின்பக்கம் யாரும் கேள்விப்பட்டிராத வங்கியின் பெயர் பொடி எழுத்தில் இருப்பது இதனால்தான். சாப்பாடு டெலிவரி நிறுவனமான டோர்டேஷ் தன் டிரைவர்களுக்குக் கொடுத்துவந்த டாஷர் டைரக்ட் கார்டை வெளியிட்டது ஒக்லஹோமாவில் ஈனிட் என்ற சிறு நகரத்தின் ஸ்ட்ரைட் வங்கி. பிராஞ்ச் கணக்குகளுக்குப் பின்னால் இருந்தது எவால்வ் வங்கி. சின்ன வங்கி கூடுதலாகப் பெறுவதைக் கார்டு நடத்தும் கம்பெனியோடு பங்கு போட்டுக்கொள்ளும். டிரைவர் ஓட்டும்போது மட்டுமல்ல, ஓட்டிச் சம்பாதித்ததில் பிள்ளைக்குப் பால் வாங்கும்போதும் யாருக்கோ நாலு காசு சேர்கிறது.

இந்தக் கார்டை விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தினமும் கட்டணமின்றிப் பணம் கார்டுக்கு வரும், பெட்ரோலில் கொஞ்சம் தள்ளுபடி கிடைக்கும், வங்கிக் கணக்கே இல்லாதவருக்கு உபயோகமாக இருக்கும். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வேண்டாம் என்கிறவருக்கும் சேர்த்துத் திணிப்பதைத்தான் சொல்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. இன்ன வங்கியில்தான் கணக்குத் திறக்க வேண்டும் என்பதை வேலைக்கு நிபந்தனையாக வைக்கக்கூடாது என்று 1978-ன் மின்னணுப் பணமாற்றுச் சட்டமே சொல்லிவிட்டது. பென்சில்வேனியாவில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கிளையில் வேலை பார்த்த பெண்மணி 2013-ல் வழக்குப் போட்டார். சம்பளத்தைக் கார்டில் கொடுத்தார்கள். ஏடிஎம்மில் எடுத்தால் ஒன்றரை டாலர், கவுண்டரில் எடுத்தால் 5 டாலர், மீதி எவ்வளவு என்று பார்த்தால்கூட ஒரு டாலர். மணிக்கணக்குக் கூலியில் பர்கர் சுற்றுகிறவரிடம் இப்படி! 2016-ல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், கட்டணம் பிடிக்கிற கார்டைக் கட்டாயமாகச் சம்பளமாகக் கொடுக்க முடியாது என்றது. அவர் ஜெயித்ததற்குக் காரணம், அவர் ஊழியர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. செயலி டிரைவர் காகிதத்தில் தனி ஒப்பந்தக்காரர். அவர் முதலில் தான் ஊழியர் என்று நிரூபித்துவிட்டு, அப்புறம் கார்டுப் பேச்சுக்கு வர வேண்டும். அதற்கும் முன்னால், பதிவு செய்தபோது படிக்காமல் ‘சம்மதம்’ தட்டியதில் நீதிமன்றம் போகமாட்டேன் என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும்.

நியூ ஜெர்சியின் எடிசனில் எங்கள் குடியிருப்பில் லால்குடிக்காரர் ஒருவர் இருக்கிறார். அக்கா ஸ்பான்சர் செய்து, ஐம்பது வயதுக்கு மேல் கிரீன் கார்டில் வந்தவர். சாப்பாடு டெலிவரி செய்கிறார். கம்பெனிப் பெயர் வேண்டாம்.

“தபால்ல வந்துச்சு சார். எப்பவும் வர்ற கிரெடிட் கார்டு விளம்பரம்னு நெனச்சுக் கிழிச்சுக் குப்பையில போட்டுட்டேன்.”

போன வாரம்வரை வங்கிக்கு வந்த பணம் அந்த வாரம் வரவில்லை. கிழித்துப் போட்ட கார்டில் போய் உட்கார்ந்திருந்தது. செயலியின் சாட்டில் கேட்டார். உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது, பொறுமைக்கு நன்றி, இது கார்டு கம்பெனியின் பொறுப்பு என்று பதில். கார்டு கம்பெனிக்குப் போன் செய்தால், பதினாறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள் என்றது இயந்திரம். அதுதான் குப்பையில் போயிற்றே. ஒருவழியாக மனிதக் குரல் வந்ததும் பெயர் இடித்தது.

பெயர் விவகாரம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. இனிஷியலோடு வாழ்ந்தவர், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர். விசாவில் அது குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ என்று வந்துவிட்டது. முதற்பெயர் தெரியாதவர் என்று அர்த்தம். பிறகு லைசென்ஸில் அப்பா பெயரைச் சேர்த்துச் சரி செய்திருக்கிறார். செயலியில் ஒரு வரிசை, கார்டில் இன்னொரு வரிசை. பெயர் பொருந்தாததால் பேச முடியாது, செயலி நிறுவனம் திருத்தித் தரட்டும் என்றார்கள். செயலி நிறுவனமோ எங்கள் பதிவில் பெயர் சரியாகத்தான் இருக்கிறது, கார்டு கம்பெனியைக் கேளுங்கள் என்றது.

தாசில்தார் ஆபீசில் வி.ஏ.ஓ.வைப் பாருங்கள் என்பதையும், வி.ஏ.ஓ. தாசில்தாரைப் பாருங்கள் என்பதையும் அனுபவித்தவர்தான் அவர். “அங்க ஒரு மேசை இருந்துச்சு சார். முன்னாடி போய் நின்னுக்கலாம்” என்றார். இங்கே மேசை கிடையாது. செயலி ஒருவருடையது, கார்டு இன்னொருவருடையது, பணத்தை வைத்திருக்கும் வங்கி மூன்றாவது ஆள். தொலைபேசியில் பேசுகிற பெண் நான்காவது ஒரு நிறுவனத்தின் கூலி. அவள்மேல் கோபப்பட்டுப் பிரயோசனமில்லை, திரையில் இருப்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேச அவளுக்கு அனுமதி இருக்காது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் சொல்வதும் சரி. அப்படி எல்லோரும் சரியாக இருக்கும்படிதான் ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. இதை அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை.

பிராஞ்ச் மீதான மனுவிலும் புகார்களை ஒழுங்காக விசாரிக்கவில்லை, பணம் செலுத்துவதை நிறுத்தச் சொன்னால் நிறுத்தவில்லை என்று குற்றச்சாட்டு இருந்தது. கார்டுக் கணக்கில் தவறு என்று புகார் கொடுத்தால், பொதுவாகப் பத்து வேலை நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். முடியாவிட்டால் பணத்தைத் தற்காலிகமாக வரவு வைத்துவிட்டு 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. அதாவது புகாரைக் கேட்பது அவர்கள் காட்டும் கருணை அல்ல, கடமை. ஆனால் பொறுமைக்கு நன்றி சொல்கிற எந்தக் குரலும் இதைச் சொல்லாது.

என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரன் ஆபீஸ் நேரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அந்தக் காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பான். காத்திருந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு. டெலிவரிக்காரர் போனில் நிற்கிற அரைமணி, மதியச் சாப்பாட்டு ஆர்டர்கள் குவிகிற அரைமணி. ஆர்டர் வருவதும் அதே போனில்தான். 2 டாலர் 99 சென்ட்டாவது கணக்கில் தெரிகிறது. காத்திருந்து இழந்ததற்கு ரசீது இல்லை.

செயலியின் நிபந்தனைகளில் கடைசிப் பக்கத்தில் வங்கியின் பெயரும் முகவரியும் இருந்தன. எல்லோரையும் விட்டுவிட்டு வங்கிக்கே தபாலில் எழுதுங்கள், லைசென்ஸ் நகல் வையுங்கள் என்றேன். கடிதத்தை நானே அடித்துக் கொடுத்தேன். பெயர் திருத்தப்பட்டுக் கணக்கு திறந்தது. ஒன்றாம் தேதி வாடகை நெருங்கியிருந்ததால், கட்டணம் கட்டி உடனே பணத்தை மாற்றிக்கொண்டார். பிறகு செயலியில் பழைய வங்கிக் கணக்கையே திரும்பப் போட்டார்.

“அந்தக் கட்டணத்தையும் திருப்பித் தரச் சொல்லி எழுதலாம் அண்ணே. தப்பு அவங்களோடது.”

“விடுங்க சார். அதுக்கு ஒரு கடுதாசி, அப்புறம் நாலு போனு. அந்த நேரத்துல சாயங்கால ஆர்டர் ரெண்டு ஓட்டிருவேன்.”