கோவில் கூரைக்குப் புல் எங்கே?

ஊட்டி மலையில் தோடர்களின் கோவில்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கோபுரம் கிடையாது. உள்ளே சாமி சிலையும் கிடையாது. பாதி பீப்பாயைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு குடில். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, மேலே புல் வேய்ந்திருப்பார்கள். வாசல் மிகச் சிறியது. பூசாரி குனிந்து, தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது? பால் பாத்திரம், தயிர் கடையும் மத்து, எருமைக்குக் கட்டும் மணி. அவ்வளவுதான்! அங்கே கோவில்தான் பால் மனை. பூசாரிதான் பால் கறப்பவர். கறந்த பாலும் கடைந்த வெண்ணெயும்தான் பூசை.

அந்தக் கூரைக்குக் கண்ட புல்லும் ஆகாது. நீலகிரியின் சதுப்பு நிலத்தில் முளைக்கும் ஒரு தனிப் புல் இருக்கிறது. அதைத்தான் அறுத்து வந்து வேய வேண்டும். சதுப்பு இருந்தால்தான் அந்தப் புல். புல் இருந்தால்தான் கோவில்.

இன்று அந்தப் புல்லைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. "அது அவர்கள் கவலை. நமக்கு என்ன?" என்று கேட்கலாம். நமக்கும் இருக்கிறது. அந்தப் புல் போன வழியில்தான் நம் வீட்டுக் குடத்துத் தண்ணீரும் போய்க்கொண்டிருக்கிறது.

எருமை வாலைப் பிடித்து வந்தவர்

தோடர்கள் இன்று சுமார் இரண்டாயிரம் பேர்தான் இருப்பார்கள். அவர்கள் குடியிருப்புக்கு "மந்து" என்று பெயர். அவர்கள் இறைச்சி உண்பதில்லை. எருமைதான் அவர்கள் செல்வம்.

தோடர்கள் எப்படித் தோன்றினார்கள் என்பதற்கு அவர்களிடையே ஒரு கதை உண்டு. ஆதியில் ஒரு தெய்வம் பூமிக்குள்ளிருந்து எருமைகளை வரவழைத்ததாம். ஒன்றன்பின் ஒன்றாக எருமைகள் வந்தன. கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் வந்தான். அவன்தான் முதல் தோடன்! ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1906-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் கதையைப் பதிவு செய்திருக்கிறார்.

இது வெறும் கதைதானே என்று தள்ளிவிட வேண்டாம். கதையின் வரிசையைப் பாருங்கள். முதலில் மண். அதிலிருந்து எருமை. எருமைக்குப் பின்னால்தான் மனிதன்! மனிதன் உலகத்துக்கு எஜமானன் அல்ல, கடைசியாக வந்த விருந்தாளி என்று பாட்டி பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை இது.

நீலகிரியின் பல சிகரங்கள் தோடர்களுக்குத் தெய்வங்கள். பைக்காரா ஆறு அவர்களுக்குப் புனித ஆறு. முக்கூர்த்தி சிகரமும் புனிதமானது. தோடர்கள் மட்டும் அல்ல, மற்ற மலைவாசிகளும் இப்படித்தான். கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் ரங்கசாமி சிகரத்தை இருளர்கள் வணங்குகிறார்கள். பாறையில் தேன் எடுக்கப் போகும் குறும்பர்கள், விரதம் இருந்து, சாமி கும்பிட்ட பிறகே போவார்கள்.

இது புல் அல்ல, தண்ணீர்த் தொட்டி

நீலகிரியின் உச்சியில் இயற்கை அமைத்த ஏற்பாடு ஒன்று உண்டு. மேட்டில் புல்வெளி. பள்ளத்தில் அடர்ந்த குட்டைக் காடு. அதற்குத்தான் சோலை என்று பெயர். இங்கிலீஷ்காரர்களும் அந்தத் தமிழ்ச் சொல்லையே "ஷோலா" என்று எடுத்துக்கொண்டார்கள். சோலைக்கு அருகே, தாழ்ந்த இடத்தில், சதுப்பு.

மழை பெய்கிறது. புல்வெளி மண் கடற்பஞ்சு போல நீரை உறிஞ்சிக்கொள்கிறது. சதுப்பு அதைத் தேக்கிக்கொள்கிறது. பிறகு சிறுகச் சிறுக ஓடையில் விடுகிறது. கோடையிலும் ஓடை ஓடுவது இதனால்தான்.

அந்த ஓடைகள் எங்கே போகின்றன? பைக்காரா ஆறு மோயாற்றில் சேருகிறது. மோயாறு பவானியில் சேருகிறது. பவானி காவிரியில் சேருகிறது. கோயம்புத்தூர்க்காரர் குடிக்கும் தண்ணீரிலும், ஈரோட்டு விவசாயி நெல்லுக்குப் பாய்ச்சும் தண்ணீரிலும் நீலகிரிப் புல்லின் பங்கு இருக்கிறது.

1819-ல் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்குப் போனார். அவருக்குப் பின்னால் மற்ற வெள்ளைக்காரர்களும் போனார்கள். பரந்த புல்வெளியைப் பார்த்தார்கள். மரம் இல்லை, பயிர் இல்லை. "சும்மா கிடக்கும் நிலம்" என்று முடிவு கட்டினார்கள். தோடனின் தெய்வம் இருந்த இடம், சர்க்கார் கணக்கில் தரிசு ஆகிவிட்டது!

விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து மரங்களைக் கொண்டுவந்தார்கள். கற்பூர மரம், தைல மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் அப்படி வந்ததுதான். சீகை மரம் என்று ஊட்டியில் சொல்லும் வாட்டில் மரமும் அப்படி வந்ததுதான். சுதந்திரம் வந்த பிறகு நாமும் நிறுத்தவில்லை. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும் என்று நட்டோம். செயற்கைப் பட்டு நூலுக்குத் தைல மரம் வேண்டும் என்று நட்டோம். சில பள்ளத்தாக்குகள் அணையில் மூழ்கின. சில சதுப்புகள் காய்கறித் தோட்டம் ஆயின.

விளைவு என்ன? ஊட்டிக்கு அருகே கிளென்மார்கனில் மண்வள ஆராய்ச்சி நிலையத்தார் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு நீர்ப்பிடிப்பைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டார்கள். இன்னொன்றின் பெரும்பகுதியில் 1970-களின் தொடக்கத்தில் தைல மரம் நட்டார்கள். இரண்டிலும் ஓடி வரும் தண்ணீரை அளந்தார்கள். மரம் வைத்த இடத்தில் முதல் பத்து ஆண்டுகளில் சுமார் 16 சதவீதம் தண்ணீர் குறைந்தது. அதாவது, 100 குடம் வந்த இடத்தில் 84 குடம்!

ஆப்பிரிக்காவில் ஓர் அத்தி மரம்

தெய்வத்தின் இடத்தைச் சும்மா கிடக்கும் இடம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நாம் மட்டும் அல்ல. ஆப்பிரிக்கக் கண்டத்தில் கென்யா என்று ஒரு தேசம் இருக்கிறது. அங்கே கிகூயூ என்ற மக்கள் வாழ்கிறார்கள். கென்யா மலையின் மேல் கடவுள் இருக்கிறார் என்பது அவர்கள் முன்னோர் நம்பிக்கை. அத்தி மரமும் அவர்களுக்குக் கடவுளின் மரம். அதை வெட்டக் கூடாது. சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது.

அந்த மக்களிடையே 1940-ல் ஒரு பெண் பிறந்தார். பெயர் வங்காரி மாத்தாய். சிறுமியாக இருக்கும்போது விறகு பொறுக்கப் போவார். "அத்தி மரத்தடியில் மட்டும் பொறுக்காதே" என்று தாய் சொல்லி அனுப்புவார். அந்த மரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓடை. அதில் தவளைக் குஞ்சுகளோடு விளையாடுவது சிறுமிக்குப் பிரியம்.

பெண் வளர்ந்தார். அமெரிக்காவுக்குப் போய்ப் படித்தார். பல ஆண்டுகள் கழித்து அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தார். அத்தி மரம் இல்லை. நிலத்தை வாங்கிய புதிய சொந்தக்காரர், இடத்தை அடைக்கிறது என்று வெட்டிவிட்டார். எதற்காக? தேயிலை நடுவதற்காக! ஓடையும் வற்றிப்போயிருந்தது.

அப்போதுதான் தாய் சொன்னதன் பொருள் மகளுக்குப் புரிந்தது. அத்தியின் வேர் ஆழமாகப் போகும். பாறையைத் துளைத்து அடிநீர் மேலே வர வழி செய்யும். சரிவில் மண்ணையும் பிடித்து நிறுத்தும். தாய்க்குத் தாவர சாஸ்திரம் தெரியாது. "கடவுளின் மரம்" என்ற ஒரு சொல்லில் அத்தனை சாஸ்திரமும் அடங்கியிருந்தது.

வங்காரி மாத்தாய் 1977-ல் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கினார். ஏழைப் பெண்களைக் கொண்டு மரக்கன்றுகள் வளர்த்தார். பிழைத்த கன்றுக்குச் சிறிது பணம் கொடுத்தார். அந்த இயக்கம் 5 கோடிக்கும் மேல் மரம் நட்டிருக்கிறது. 2004-ல் அவருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2011-ல் அவர் காலமானார்.

இன்னொரு செய்தியும் உண்டு. கென்யாவிலும் வெள்ளைக்காரர்கள் சொந்த நாட்டுக் காட்டை அழித்தார்கள். அந்த இடத்தில் பைன் மரமும், தைல மரமும், சீகை மரமும் நட்டார்கள். நீலகிரிக்கு வந்த அதே மரங்கள்! அதனால் தண்ணீர் கெட்டது என்று மாத்தாய் எழுதியிருக்கிறார். 5 கோடி மரம் நட்ட இயக்கத்தின் தாயே, எல்லா மரமும் எல்லா இடத்துக்கும் ஆகாது என்றார். புல்லுக்கு உரிய இடத்தில் புல்தான் இருக்க வேண்டும்.

மூடநம்பிக்கையா?

"மலையைக் கும்பிடுவது மூடநம்பிக்கை" என்று படித்தவர்கள் சிலர் சொல்வார்கள். நான் கேட்கிறேன்: மலையைக் கும்பிட்டவன் மலையைக் கெடுத்தானா? தரிசு என்று எழுதியவன் கெடுத்தானா?

சட்டம் போட்டுக் காட்டைக் காக்கலாம். ஆனால் காவலர் இல்லாத நேரத்தில் யார் காப்பது? சாமிக்கு என்று விட்ட இடத்தில் காவலர் தேவையில்லை. நம் சமவெளிக் கிராமங்களிலும் ஐயனார் கோவில் காடு உண்டு. சுற்றிலும் எல்லாம் மொட்டையாகிவிட்ட ஊரில்கூட அந்தக் காடு மட்டும் நிற்பதைப் பார்க்கலாம். சாமி குற்றத்துக்குப் பயந்து யாரும் அரிவாளை எடுக்கவில்லை.

பழைய வழக்கம் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தோடர் கோவிலுக்குள் பெண்கள் போகக் கூடாது. அந்த வழக்கம் நீடிக்க வேண்டுமா என்பதைத் தோடர் பெண்களே கேட்டு முடிவு செய்யட்டும். இன்று பல தோடர்கள் காரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறார்கள். ஓட்டு வீட்டிலும் சிமெண்டு வீட்டிலும் வாழ்கிறார்கள். வாழட்டும்! நாம் போட்டோ எடுப்பதற்காக அவர்கள் குடிசையில் இருக்க வேண்டியதில்லை.

தேயிலையை ஒழி என்றும் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகளுக்கும் தொழிலாளிகளுக்கும் அது சோறு. ஆனால் மிஞ்சியிருக்கும் புல்வெளியும் சதுப்பும் இனி ஒரு ஏக்கர்கூடப் போகக் கூடாது. போனதில் ஒரு பகுதியாவது திரும்பி வர வேண்டும்.

என்ன செய்யலாம்?

அந்நிய மரம் செடிகளை அகற்றி, பழைய காட்டையும் புல்லையும் மீட்பது என்று தமிழக அரசு 2022-ல் ஒரு கொள்கை வகுத்தது. நல்ல காரியம். ஆனால் சீகையை வெட்டினால் மட்டும் போதாது. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கும். பிறகு முளைக்கும். வருஷா வருஷம் பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தில் பழைய புல்லை நட வேண்டும்.

எந்தப் புல், எந்த இடம் என்று யாருக்குத் தெரியும்? தலைமுறை தலைமுறையாகக் கூரைக்குப் புல் அறுத்த தோடருக்குத் தெரியும். அவரைக் கூலியாளாக மட்டும் கூப்பிடக் கூடாது. யோசனை கேட்டு, முன்னால் உட்கார வைக்க வேண்டும். 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம், மேய்ச்சல் உரிமையையும், காட்டைக் காக்கும் உரிமையையும் காட்டில் வாழும் மக்களுக்குத் தருகிறது. அது காகிதத்தில் தூங்கக் கூடாது.

சுற்றுலா போகும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. ஊட்டிப் புல்வெளி பந்து விளையாடும் மைதானம் அல்ல. காரை அதன் மேல் ஏற்றாதீர்கள். பிளாஸ்டிக் பையைச் சதுப்பில் வீசாதீர்கள். மந்துக்குப் போனால், பிறர் கோவிலுக்குள் எப்படி நடப்பீர்களோ அப்படி நடங்கள். "புல்லில் என்ன இருக்கிறது?" என்று குழந்தை கேட்டால், "நாளை நீ குடிக்கப் போகும் தண்ணீர் இருக்கிறது" என்று சொல்லுங்கள்.

தோடரின் கோவில் கூரைக்குப் புல் தாராளமாகக் கிடைக்கிறது என்ற செய்தி ஒருநாள் வரட்டும். அன்று பவானியில் கோடையிலும் தண்ணீர் ஓடும்.