வீடு திரும்பிய பிறகும் எங்களைக் கவனியுங்கள்
இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் குடும்பத்தாரும் தமிழக அரசின் முன் வைக்கும் கோரிக்கைச் சாசனம்

1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தால் கூலித் தொழிலாளிக்கும் அது கைக்கெட்டுகிறது. உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். எங்கள் குறை, டிஸ்சார்ஜ் ஆகி வீடு வந்தபின் தொடங்கும் வாரங்களைப் பற்றியது.

வெட்டிய இடம் வலிக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகு பிடித்துக்கொள்கிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. இரத்தக்குழாய் எடுத்த கால் சாயங்காலமானால் வீங்குகிறது. நெஞ்செலும்பைப் பிளந்து விரிக்கும்போது விலா மூட்டுகளும் கைக்குப் போகும் நரம்புகளும் இழுபடுவதால் முதுகும் விரல்களும் இப்படிப் படுத்துகின்றன. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், கை குறுகுறுத்த இரவில் மறுபடியும் மாரடைப்போ என்று வீடே விழித்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: வீட்டுக்கு அனுப்பும் முன், எது சாதாரண வலி, எது ஆபத்து என்று தமிழில் ஒரு தாள் தர வேண்டும், ஒரு செவிலியர் உட்கார்ந்து அதைப் படித்தும் காட்ட வேண்டும். காய்ச்சல், தையலில் சீழ், இருமும்போது நெஞ்செலும்பு அசைவது ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனை. மூச்சுத்திணறல், தாறுமாறான இதயத்துடிப்பு, மயங்கி விழுதல், பேச்சுக் குழறல் என்றால் உடனே 108.

தலைசுற்றலைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் கழிவறைக்குப் போகக் கட்டிலை விட்டு எழும்போதுதான் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். நெஞ்செலும்பு ஒன்றுசேரும்வரை கையூன்றி எழக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். விழப்போகிறவர் எதையாவது பிடித்து இழுக்காமல் இருக்க முடியுமா? தலைசுற்றலுக்குக் காரணம் பல: பிரஷர் மாத்திரையின் அளவு கூடியிருக்கலாம், நீர் பிரிய வைக்கும் மாத்திரையால் உடல் வற்றியிருக்கலாம், இரத்தசோகையோ துடிப்புக் கோளாறோ இருக்கலாம். "பலவீனம்தான், நன்றாகச் சாப்பிடுங்கள்" என்பது இவற்றில் எதையும் கண்டுபிடிக்காது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் ஏற்கெனவே பிரஷர் கருவியோடு வீடு வீடாக வருகிறார்கள். முதல் மூன்று மாதம் அவர்கள் வாரம் ஒருமுறை எங்கள் வாசலுக்கும் வர வேண்டும். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்றபின் முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் தலா ஒருமுறை என்று பிரஷரை அளக்க வேண்டும். நின்றதும் மேல் அளவு 20 குறைந்தால் மருத்துவருக்குச் சொல்லி மாத்திரையைச் சரிசெய்ய வேண்டும். நாங்களாக மாத்திரையை நிறுத்திவிடுகிற ஆபத்தும் அப்போதுதான் குறையும். ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும்.

அறுவை செய்த ஒவ்வொரு மருத்துவமனையும், விவரம் தெரிந்த செவிலியர் இரவிலும் எடுத்துப் பேசுகிற ஒரு தொலைபேசி எண்ணைத் தர வேண்டும்.

வலி தாங்காமல் மெடிக்கலில் டைக்லோஃபெனாக், இபுப்ரோஃபென் வாங்கி விழுங்குகிறவர்கள் எங்களில் பலர். பைபாஸுக்குப் பிந்தைய நாட்களில் அவை மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசியலாம். சீட்டில்லாமல் இவற்றைக் கொடுப்பதைத் தடுங்கள். அதோடு, எந்த வலிமாத்திரையை எவ்வளவு சாப்பிடலாம் என்று டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதுங்கள். தோள், கழுத்துப் பயிற்சிக்குப் பிசியோதெரபிஸ்டை அனுப்புங்கள்.

பெண்களுக்கு மார்பின் பாரமே தையலை இழுக்கிறது. தாங்கிப் பிடிக்கும் உள்ளாடையை மருத்துவமனையே தர வேண்டும். நிறைகுடம் 15 கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்கக் கூடாது என்பதை அந்தப் பெண்ணிடம் மட்டும் சொன்னால் போதாது, கணவரையும் மாமியாரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரம், முழு வலு பெறச் சுமார் மூன்று மாதம். தலை சுற்றச் சுற்றச் சாரம் ஏறுகிறவரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் அதற்குள் வேலைக்குத் திரும்புவது வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதற்காகத்தான். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்கள் வழியாக அந்த மூன்று மாதத்துக்கும் வாழ்வூதியம் வழங்க வேண்டும். முதல் மாதத் தொகை, டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே வங்கிக் கணக்கில் ஏற வேண்டும்.