கேபினுக்கு அடியில் ஒரு ரப்பர்

சென்ற மாதக் கப்பலில் நம் அன்பர் ஒருவருக்குச் சென்னையிலிருந்து ஒரு சிறு பெட்டி வந்தது. ஊரிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்திருக்கும் என்று எண்ணி அவர் வீட்டுப் பிள்ளைகள் அதைச் சூழ்ந்துகொண்டனர். பிரித்தால் உள்ளே கறுப்பு ரப்பர் வில்லைகள்! பிள்ளைகளின் முகம் வாடியதைக் கண்டு நாம் நகைத்தோம். அந்த வில்லைகள் எத்துணைப் பெரிய பொறுப்பைத் தாங்குபவை என்பதை அப்போது நாம் அறிந்திருக்கவில்லை.

அன்பர் வண்டூர்ப் பக்கத்திலிருந்து தேங்காய் ஏற்றிவந்து அபர்தீன் பஜாரில் இறக்குபவர். அவருடைய பிக்கப் வண்டிக்கு வயது பதினான்கு. போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நம் நகரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழை ஓய்ந்தால் உப்புக் காற்று. பதினான்கு ஆண்டுகள் இவ்விரண்டையும் தாங்கிய இரும்பு எந்நிலையில் இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

சில மாதங்களாகவே வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் அடியிலிருந்து 'டக்' என்று ஓர் ஓசை. கதவை ஓங்கி அறைந்தால்தான் பூட்டும். கேபினுக்கும் பின்னுள்ள சரக்குப் பெட்டிக்கும் இடையிலுள்ள சந்து ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் தெரிந்தது. நாமோ, கமான் பட்டையின் புஷ் தேய்ந்திருக்கும் என்று அறிவுரை வழங்கினோம். அன்பரும் நம் சொல்லை மதித்து அதை மாற்றினார். பணம் போயிற்று, ஓசை போகவில்லை. அறியாத தொழிலில் வாய் வைத்ததன் பயனாக, இன்றும் அவர் இல்லத்தரசியாரின் முகத்தை நேரே நோக்கக் கூசுகிறோம்.

பிறகுதான் முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பட்டறை மேஸ்திரி ஒருவர் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார். "பட்டை மேலே பழி போடாதீங்க அண்ணே. பாடி ரப்பர் செத்துப்போச்சு" என்றார்.

இத்தகைய வண்டிகளில் அடியில் ஏணி போன்ற சேஸ் ஒன்று உண்டு. கேபின் அதன்மேல் தனியே அமர்ந்திருக்கிறது. இரும்பின்மேல் இரும்பு நேராக அமர்ந்தால் சாலையின் அதிர்ச்சி முழுவதும் உள்ளே இருப்போரின் முதுகெலும்புக்கு வந்துவிடும். ஆகவே ஒவ்வோர் இருப்பிடத்திலும் மேலொன்றும் கீழொன்றுமாக ரப்பர் வில்லைகளை வைத்து, நடுவே ஓர் எஃகுக் குழலைச் செருகி, அதனூடே நீண்ட போல்ட்டை முடுக்குகிறார்கள். முடுக்கும் விசை குழலில் நிற்பதால் ரப்பர் அளவுக்கு மேல் நசுங்குவதில்லை. மண்ணும் நீரும் அங்கே தேங்கினால் ரப்பர் வெடிக்கிறது, குழல் துருவேறிச் சிறுக்கிறது, கேபின் தாழ்ந்து ஆடத் தொடங்குகிறது.

கப்பலில் வந்த பெட்டியை மேஸ்திரி திறக்கவே இல்லை. முதலில் ஒரு சிறு சுத்தியலை எடுத்துச் சேஸையும் கேபினின் அடித்தகட்டையும் இடந்தோறும் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு 'கிண்' என்றது. ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே ஓரிடத்தில் மட்டும் மண்சட்டி போல் 'பொத்' என்றது. அங்கே திருப்புளியை வைத்து அழுத்தினார். அது அப்பளத்தை உடைப்பதுபோல் உட்புகுந்தது.

"இதுக்கு மேலே புது ரப்பர் வைக்கிறது, கெணத்து மேலே பாயை விரிச்சுப் படுக்கிற மாதிரி அண்ணே."

இருக்கையும் அதன் பாதுகாப்புப் பட்டையும் கேபினோடு சேர்ந்தவை. கேபினைச் சேஸோடு பிணைத்து வைப்பவை இந்தப் போல்ட்டுகளே. அவை பற்றியிருக்கும் தகடே மண்ணாய்ப் போனால், மோதல் நேரும்போது உள்ளிருப்பவரின் கதி என்னாகும்? அன்பர் முகம் கறுத்தது. ஒட்டுத்தகடு வைத்து வெல்டிங் செய்யக் கூடுதல் பணம் வேண்டும். தீபாவளிக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று முனகினார். எட்டாண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டுமே என்று நாம் நினைவூட்டினோம். அது அவர் காதில் ஏறவில்லை. அவருடைய மகள் நாள்தோறும் அதே கேபினில் அமர்ந்துதான் பள்ளிக்குச் செல்கிறாள். வாசலில் நின்ற இல்லத்தரசியார், "ஏங்க, அதைச் செஞ்சு முடிக்கிற வரைக்கும் பொண்ணு பஸ்ஸிலே போகட்டும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். மறுநாளே வேலை தொடங்கிற்று.

மூன்று நாள் போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றினார்கள். அப்படியும் ஒன்று முறிந்தது. மற்றொன்றின் நட்டு, தகட்டுக்குள் பற்றவைத்திருந்த இடத்திலிருந்து பெயர்ந்து, போல்ட்டோடு சேர்ந்து சுழன்றது. கேபின் தரையில் சிறு சதுரம் அறுத்துத்தான் அதைப் பிடிக்க முடிந்தது. பாட்டரி இணைப்பைக் கழற்றி, ஈரச் சாக்கும் நீர் வாளியும் அருகில் வைத்த பின்னரே மேஸ்திரி நெருப்பைத் தொட்டார்.

கேபின் முழுவதையும் ஒரேயடியாகத் தூக்கவில்லை. இருபுறப் போல்ட்டுகளையும் தளர்த்தி, ஒருபுறத்தை மட்டும் கழற்றி, ஜாக்கிக்குமேல் கனத்த மரப்பலகை வைத்து இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தினார்கள். ஸ்டியரிங் தண்டு, ரேடியேட்டர்க் குழாய், எர்த் கம்பி ஆகியவை இழுபடுகின்றனவா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ரப்பரை நேராக்க அன்பரின் மைத்துனர் மகன் ஆர்வத்தோடு கையை உள்ளே நீட்டினான். "தம்பி, கையை எடு!" என்று மேஸ்திரி கத்தினார். அவன் கையை இழுத்த கணத்தில் ஜாக்கி சறுக்கியது. கேபின் இறங்கிற்று, முன்பே சேஸின்மேல் அடுக்கியிருந்த மரக்கட்டைகளில் மோதி நின்றது. சிறிது நேரம் எவரும் பேசவில்லை. அந்தக் கட்டைகள் இல்லாதிருந்தால் என்ன எழுதியிருப்போமோ!

ஒட்டுத்தகட்டைப் பற்றவைத்துச் செங்காவி பிரைமர் பூசினார்கள். புதிய ரப்பருக்குக் கிரீஸ் தடவலாமா என்று கேட்டோம். நம் அறிவுரைகளின் பெருமை மேஸ்திரிக்கும் எட்டியிருந்தது போலும். ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப் பாழாகும், சோப்பு நீரே போதும் என்றார். பழைய போல்ட்டுகளை ஒதுக்கிவிட்டுத் தலையில் 8.8 என்று முத்திரையிட்ட புதியவற்றைக் கையால் திருகினார். இருபுறமும் எல்லாம் பொருந்திய பிறகே ஸ்பானரைத் தொட்டார். ஓரங்களில் அடைத்துக் கிடந்த வடிகால் துளைகளையும் கம்பியால் குத்தித் திறந்துவிட்டார்.

ஒரு வாரம் ஓடிய பின் மறுபடி முடுக்க வேண்டுமென்று சொல்லியிருந்ததால், ஞாயிறன்று நாமும் உடன் போயிருந்தோம். இரண்டு போல்ட்டுகள் அரைச் சுற்று ஏற்றுக்கொண்டன. அன்பரின் மகள் கேபினில் ஏறிக் கதவை வழக்கம்போல் ஓங்கி அறைந்தாள். "மெதுவா சாத்தும்மா, இனிமே அது தானா பூட்டும்" என்றார் அன்பர்.