நிலத்தைக் குறிவைக்கும் கந்துவட்டி!



நடவுக்கு ஆள் சொல்லியாச்சு, கையில் காசில்லை. தண்டல்காரரிடம் பத்தாயிரம் கேட்டால் 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 தருகிறார். தினம் 100 வீதம் 100 நாள் கட்டணும். "நூற்றுக்குப் பதினஞ்சுதானே" என்று நாமும் வாங்கிவிடுகிறோம். தினம் தினம் அசலும் சேர்ந்துதானே கழிகிறது? அப்படிக் கணக்குப் போட்டால் வருஷ வட்டி நூற்றுக்கு 120-ஐத் தொடுகிறது! கடைக்காரருக்காவது தினம் கல்லாவில் காசு விழும். நெல்லு தினம் காசு தருமா? இருபதாம் நாள் தவணை நிற்கும். அதை அடைக்க மீட்டர் வட்டி. அதை அடைக்க?

இங்கேதான் நிலம் வருகிறது. பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம் பக்கமெல்லாம் ஏரிப் பாசனத்தில் விளைந்த வயல்கள் மனைகளாகி நிற்கின்றன. இங்கே கடன் கொடுப்பவருக்கு வட்டி மேல் கண்ணில்லை, நம் மிச்ச நிலத்தின் மேல்தான் கண். "சும்மா ஒரு ஜாமீனுக்கு" என்று சொல்லி பவர் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். விற்கும் அதிகாரம் கொடுத்துப் பதிவு செய்துவிட்டால், நம் நிலத்தை அவரே விற்கலாம். சும்மாவாம் சும்மா!

சட்டம் இல்லாமல் இல்லை. தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லியே 2003-ல் தமிழக அரசு தடை செய்தது. மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அரசு குறித்த வட்டியோடு பாக்கியைக் கோர்ட்டில் கட்டிக் கடனை முடித்துக்கொள்ளவும் அதில் வழி உண்டு. ஆனால் மனுவை வாங்குகிறவர்கள் அசைய வேண்டுமே? 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு கூலித் தொழிலாளி மனைவி, இரண்டு பிஞ்சுக் குழந்தைகளோடு தீயில் கருகினார். பலமுறை மனு கொடுத்துப் பார்த்தவர் அவர்.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. ஆனால் பட்டா அப்பா பேரில், சாகுபடி மகன் கையில். குத்தகைக்காரருக்கோ ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. அடங்கலுக்கு அலைந்து முடிப்பதற்குள் பருவம் போய்விடுகிறது. ஆகவே நாம் கேட்பது இதுதான்: உழுகிறவர் பேரில் அடங்கல் கொடு! விதைப்புக்கு முன்பே கடன் கொடு! கந்துவட்டிப் புகாருக்கு அன்றைக்கே வழக்குப் பதிவு செய்!

வெற்றுப் பத்திரத்தில் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டின காசுக்குச் சீட்டு கேட்டு வாங்குங்கள். போட்டுவிட்டவர்கள் வெட்கப்படாமல், இருக்கிற சீட்டுகளோடு சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்தே போய் மனு கொடுப்போம்.