டிம்மர் வேண்டாம், இரண்டு பல்ப் போதும்

பாட்டு கேட்கும் அறையில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள டிம்மர் பொருத்தும் ஆசை பலருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. கம்ப்யூட்டரை ஆம்ப்ளிஃபயருடன் இணைத்து, விளக்கைப் பாதியாகக் குறைத்துவிட்டு உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கும் முன்பே ஸ்பீக்கரில் வண்டு போல ரீங்காரம்! சவுண்ட் கார்டு மேல் சந்தேகப்பட்டு டிரைவரை மாற்றினேன். விலை கூடிய கேபிள் வாங்கினேன். விண்டோசைக்கூட மறுபடி இன்ஸ்டால் செய்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் டிம்மரை அணைத்துப் பார்க்கத் தோன்றியது. இரைச்சல் நின்றுவிட்டது. இத்தனைக்கும் படித்தது இன்ஜினியரிங்.

காரணம் இதுதான். சாதாரண டிம்மரில் உள்ள ட்ரையாக் என்னும் பாகம், மின்சாரத்தின் ஒவ்வொரு அரை அலையிலும் சிறிது நேரம் தடுத்து வைத்து, பிறகு சட்டென்று திறந்துவிடுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 100 முறை இது நடக்கிறது. ஒவ்வொரு முறையும் மின்னோட்டம் செங்குத்தாக ஏறுவதால் உயர் அதிர்வெண்கள் ஏராளமாகக் கிளம்பி, ஒயர் வழியாகவும் காற்று வழியாகவும் ஆம்ப்ளிஃபயரை எட்டுகின்றன. 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் சுமார் 325 வோல்ட். டிம்மர் பாதியில் இருக்கும்போது திறப்பு அந்த உச்சத்துக்கு அருகில் நடப்பதால், அப்போதுதான் இரைச்சல் அதிகம். நாம் விரும்பி வைப்பதும் அந்தப் பாதி வெளிச்சத்தைத்தான்!

சந்தேகம் இருந்தால், ஒரு மீடியம் வேவ் ரேடியோவை நிலையம் எதுவும் கிடைக்காத இடத்தில் வைத்து சுவிட்ச் போர்டு அருகே கொண்டு போங்கள். டிம்மரைத் திருகத் திருக இரைச்சல் மாறினால் குற்றவாளி அதுதான். படிப்படியாக இல்லாமல் சீராகத் திருகும் ஃபேன் ரெகுலேட்டரும் இதே வேலையைச் செய்யும். கெப்பாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

எனக்குக் கோபம் வருவது ஒரு யோசனையின் மேல்தான். "எர்த் பின்னைக் கழற்றிடுங்க சார், சத்தம் போயிடும்" என்று எலக்ட்ரீஷியன் ஒருவர் சொன்னார். சில சமயம் போகவும் செய்யும். ஆனால் உள்ளே இன்சுலேஷன் பழுதானால் ஆம்ப்ளிஃபயரின் உலோக உடல் முழுவதும் மின்சாரம் பாயும். வீட்டில் குழந்தைகள் தொடும் பொருள் அது. தயவுசெய்து செய்யாதீர்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றால், அது எர்த் வழியாக வரும் வேறு கோளாறு. ஆடியோ கேபிளுக்கு நடுவே ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போட்டால் போதும்.

டிம்மர் இல்லாமல் முடியாது என்பவர்கள் டிரெய்லிங் எட்ஜ் வகையையும், அதற்கேற்ற எல்.இ.டி. பல்பையும் வாங்கலாம். அது மின்சாரத்தை மெதுவாக நிறுத்துவதால் தொல்லை குறைவு. என் கட்சி வேறு. சுவிட்ச் தனித்தனியாக இரண்டு விளக்குகள். பாட்டு கேட்க, ஸ்பீக்கருக்குப் பின்னால் 3 வாட்ஸ் பல்ப் ஒன்று. மலிவான எல்.இ.டி. பல்புகளும் இரையும் என்பதால், அதையும் ரேடியோ வைத்துச் சோதித்தே மாட்டினேன்.

கழற்றிய டிம்மர் இப்போது சாப்பாட்டு அறையில் இருக்கிறது, வேறு சர்க்யூட்டில்.