ஓடாத இன்ஜினும் தேயும்

மின்வெட்டுக் காலத்தில் வாங்கிப் போட்ட டீசல் இன்ஜினும் ஜெனரேட்டரும் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்பதை உறுப்பினர்கள் ஒருமுறை கொல்லைப்புறம் சென்று பார்த்துவிட்டு வந்து இதைப் படித்தால் நல்லது. பெரும்பாலான இடங்களில் அதன்மேல் பழைய சாக்கு போர்த்தியிருக்கும். சாக்கின்மேல் காலி அட்டைப்பெட்டிகள் ஏறியிருக்கும். பேட்டரியை வேறு எதற்கோ கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். அவசரம் என்றால் ஓட்டிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை மட்டும் குறையாமல் இருக்கும்.

2008 முதல் ஏழெட்டு ஆண்டுகள் தமிழக வணிகர்கள் மின்சாரத்துக்காகப் பட்ட பாட்டை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2012-இல் சென்னை நீங்கலாக மற்ற ஊர்களில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் இருந்தன. கடலை உடைக்கும் மெஷின், எண்ணெய் எக்ஸ்பெல்லர், மாவு மில் வைத்திருந்தவர்கள் கடன் வாங்கியாவது ஜெனரேட்டர் வாங்கினார்கள். மளிகைக் கடைக்காரர்கள்கூடச் சிறிய செட் ஒன்றை வாங்கி வைத்தார்கள். 2015-க்குப் பிறகு நிலைமை சீரானது. டீசல் விலையோ ஏறிக்கொண்டே போய் லிட்டர் தொண்ணூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. சிறிய செட் ஒன்று ஒரு லிட்டருக்கு மூன்று யூனிட் கொடுத்தால் அதுவே பெரிது. ஆகவே மின்சாரம் இருக்கும்போது அதை யாரும் ஓட்டமாட்டார்கள். ஓட்ட வேண்டும் என்று நாமும் சொல்லவில்லை.

நாம் சொல்ல வருவது வேறு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், நமக்குப் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையை உருக்குலைத்துவிட்டுப் போனது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. குடிதண்ணீர்த் தொட்டியை நிரப்புவதற்கே வெளியூரிலிருந்து ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. வாடகையும் கேட்டவர் கேட்டபடிதான். அப்படி ஒரு நாள் நம் ஊருக்கும் வரும்போது, கொல்லையில் கிடக்கும் இன்ஜின் நமக்கு உதவுமா அல்லது பழைய இரும்புக்கடைக்குத்தான் உதவுமா என்பதே கேள்வி.

இன்ஜினை ஓட்டினால்தான் தேயும், சும்மா வைத்தால் அப்படியே இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இது தவறு. டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டியைப் போலத் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் போன காற்றைப் பிஸ்டன் பதினாறு, பதினெட்டு மடங்கு அழுத்தும்போது சூடு 500 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. பிஸ்டன் ரிங்கும் வால்வும் காற்றை ஒழுகவிட்டால் சூடும் இல்லை, ஓட்டமும் இல்லை. சும்மா கிடக்கும் இன்ஜினில் முதலில் துரு ஏறுகிற இடங்களும் லைனர், ரிங், வால்வு ஆகியவைதான். டீசல் பம்பின் எலிமென்டுக்கும் அது ஓடும் குழாய்க்கும் இடையிலுள்ள இடைவெளி தலைமயிரின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இராது. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் போதும், எலிமென்ட் இறுகிவிடும்.

இதைத் தெரிந்து வைத்திருப்பவர்களும் ஒரு காரியம் செய்கிறார்கள். வாரம் ஒருமுறை கடைப் பையனை விட்டு ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்திவிடுகிறார்கள். லோடும் கொடுப்பதில்லை. நம் கருத்தில், ஓட்டாமல் விடுவதைக் காட்டிலும் இது கெடுதல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறினால் அந்த ஆவி சைலன்ஸர் வழியே வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் சூடேறாது. ஆவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகிச் சைலன்ஸரிலும் ஆயில் சம்பிலும் நிற்கும். எரியாத டீசல் லைனரில் வழிந்து இன்ஜின் ஆயிலோடு கலக்கும். சைலன்ஸர் வாயில் கறுப்பாகத் தார்போல ஒழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த வேலைதான். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் ஆயில் மேலே ஏறுமுன் பேரிங்குகள் உலர உராய்கின்றன. ஆக, தேய்மானமும் உண்டு, துருவும் உண்டு, பயன் மட்டும் இல்லை.

அமெரிக்காவில் மருத்துவமனை போன்ற இடங்களில் உள்ள அவசர ஜெனரேட்டர்களுக்கு அந்நாட்டுத் தீத்தடுப்புச் சங்கம் வகுத்திருக்கும் 110-ஆம் எண் விதி, மாதம் ஒருமுறை முப்பது நிமிடம், செட்டின் சக்தியில் முப்பது சதவீத லோடாவது கொடுத்து ஓட்டச் சொல்கிறது. பத்துக் கே.வி.ஏ. செட்டுக்கு இரண்டரை, மூன்று கிலோவாட் லோடு என்றால் கடையிலுள்ள ஃபிரிட்ஜ், விளக்கு, விசிறியோடு ஒரு தண்ணீர் மோட்டாரையும் சேர்த்தால் போதும். மாவு மில்காரருக்கு இதுகூட வேண்டாம். மாதம் ஒரு நாள் காலை அரவையை ஜெனரேட்டரில் ஓட்டினால் தீர்ந்தது. ஓட்டும்போது ஷட்டரைத் திறந்து வையுங்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. மூடிய அறையில் ஆளையே கொன்றுவிடும். சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் இணைப்பவர்கள் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிரோடு விளையாடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

மாதம் ஒருமுறை அரைமணி நேரம் முடியாது என்பவர்கள் இன்ஜினை முறையாகத் தூங்க வைத்துவிட வேண்டும். ஆறு மாதத்துக்குத் தொடமாட்டோம் என்று தெரிந்தால் இதுவே சரி. ஒரு மெக்கானிக்குக்கு அரைநாள் வேலைதான்.

முதல் வேலை ஆயில் மாற்றுவது. "ஓட்டப்போவதில்லையே, புது ஆயில் எதற்கு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பழைய ஆயிலில் கரியும் தண்ணீரும் அமிலமும் கலந்திருக்கும். அதை உள்ளே வைத்துப் பூட்டுவது ஊறுகாய் ஜாடிக்குள் இரும்புக் கரண்டியைப் போட்டு வைப்பதற்குச் சமம். இன்ஜினை லோடில் ஓட்டிச் சூடாக்கி, சூட்டோடு ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, கையேட்டில் சொன்ன நம்பர் ஆயிலை ஊற்றி, மறுபடி சில நிமிடம் ஓட்டி எல்லா இடத்துக்கும் பரவவிட்டு நிறுத்த வேண்டும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுகிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருப்பது வருத்தத்துக்குரியது.

அடுத்தது டீசல். டீசல் கெடாது என்று நினைத்துப் பழைய கேனிலுள்ளதை அப்படியே விட்டிருக்கிறோம். ஆறு மாதம், நல்ல நிலையில் ஓராண்டு, அதற்கு மேல் அதை நம்ப முடியாது. அரைகுறையாக நிரம்பிய டேங்கில் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் காற்று உள்ளே போய்வரும்போது ஈரம் படிந்து தண்ணீராக அடியில் இறங்குகிறது. அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழவென்று பாசி போலத் திரளும். ஃபில்டர் அடைப்பதற்கு இது முக்கியக் காரணம். ஆறு மாதத்துக்குள் திரும்ப ஓட்டுவோம் என்றால் புது டீசலால் டேங்கை முழுக்க நிரப்பி வையுங்கள். அதற்கு மேல் என்றால் முழுவதும் வடித்து, துடைத்து, உட்புறம் ஆயில் தடவி வைப்பதே மேல். மின்வெட்டுக் காலத்து டீசல் இன்னும் உள்ளே இருக்குமானால் யோசிக்கவே வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குதான். அன்றைய டீசலில் 350 பங்கு வரை இருந்தது.

மளிகைக்காரர்களுக்கு இங்கே தனியாக ஒரு சொல். டீசல் கேனை அரிசி மூட்டைக்கும் சர்க்கரைக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். வாடை ஏறிய சரக்கை எந்தத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்கியவர் மறுமுறை அந்தக் கடைக்கு வரமாட்டார்.

நம் ஊர் கடலை எண்ணெய்க்குப் பேர் போனது என்பதால் ஒரு கேள்வி அடிக்கடி வரும்: கசண்டு எண்ணெயை இதில் ஊற்றி ஓட்டலாமா? கேள்வியில் ஞாயம் இல்லாமல் இல்லை. 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்ட ஒரு சிறிய டீசல் இன்ஜின் நிலக்கடலை எண்ணெயில்தான் ஓடியது. ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை ஏராளமாக விளைந்ததால் பிரெஞ்சு அரசு அதைப் பார்க்க விரும்பியது என்று ருடால்ஃப் டீசலே பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் கடலை எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டி. நாசில் சரியாகத் தூவாது, கரி கட்டும். நிறுத்தி வைத்தாலோ பிசின் போல இறுகிவிடும். சும்மா கிடக்கப்போகிற இன்ஜினில் அதை ஊற்றவே கூடாது. எண்ணெய் விற்கிற விலைக்கு அது கட்டுப்படியாகாது என்பதும் நமக்குத் தெரியாததல்ல.

மூன்றாவது, சிலிண்டர். நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியே சுத்தமான இன்ஜின் ஆயில் இரண்டு ஸ்பூன் விட்டு, டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிக்கொண்டு கையால் நாலைந்து சுற்று மெதுவாகச் சுற்ற வேண்டும். ஆயில் லைனர் முழுக்கப் பூசிக்கொள்ளும். பிறகு பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியில் நிற்கும்படி வைத்து லிவரை இறக்கிவிட்டால் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும்; ஈரக்காற்று உள்ளே போகாது. ஏர் கிளீனர் வாயையும் சைலன்ஸர் வாயையும் பாலிதீன் சுற்றிக் கட்டிவிட வேண்டும். இதற்குப் பின் போகிற வருகிறவர்கள் ஃப்ளைவீலைச் சுற்றிப் பார்க்கக் கூடாது. பூசிய ஆயில் வழிந்து போய்விடும்.

தண்ணீரில் குளிரும் இன்ஜினானால் தண்ணீரை முழுவதும் வடித்துவிடுங்கள், அல்லது துருத்தடுப்பு சேர்ந்த கூலன்ட் ஊற்றி நிரப்புங்கள். உப்புப் போர்த்தண்ணீரை மாதக்கணக்கில் உள்ளே நிறுத்துவது கூடாது. பெல்ட்டைத் தளர்த்திவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி (மைனஸ் ஒயரை முதலில்) மரப்பலகைமேல் வைத்து, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளைகளுக்குக் கம்பிவலை அடியுங்கள். தானியம் உள்ள இடத்தில் எலி உண்டு. எலிக்குக் காப்பர் ஒயர்மேல் உள்ள உறை பிடிக்கும். ஆல்டர்னேட்டர் உள்ளேயே கூடு கட்டி ஒரு குடும்பமே குடியிருந்ததை நாம் பார்த்திருக்கிறோம். சாக்கு வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீழே காற்றுப் போகும்படி தளர்வாகத் தார்ப்பாய் போடுங்கள்.

கடைசியாக ஓர் அட்டையில், என்றைக்கு மூடியது, டேங்கில் டீசல் உண்டா, தண்ணீர் வடித்ததா, எங்கெங்கே பாலிதீன் கட்டியிருக்கிறது என்று எழுதி ஹாண்டிலில் தொங்கவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஓட்டப்போகிறவர் வேறு ஆளாக இருப்பார். தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பிஸ்டனை ஒட்ட வைத்துவிட்டால் மெக்கானிக் கேட்கும் தொகை சிறியதாக இராது. மறுபடி கிளப்பும்போது, டீசல் விடுமுன் லிவரைத் தூக்கிக் கையால் பல சுற்றுச் சுற்றி உள்ளே விட்ட ஆயிலை வெளியேற்ற வேண்டும். சிலிண்டரில் ஆயில் தேங்கி நிற்க, செல்ப் மோட்டாரை அழுத்திக் கனெக்டிங் ராடை வளைத்துக்கொள்ள வேண்டாம். டீசல் லைனில் காற்று எடுத்துவிட்டு, முதல் பத்து நிமிடம் லோடில்லாமல் ஓட்டிப் பிறகு லோடு கொடுக்கலாம்.

இனி ஓட்டவும் மாட்டோம், மூடி வைக்கவும் மாட்டோம் என்பவர்கள் இப்போதே விற்றுவிடலாம். ஓடும் இன்ஜினுக்குக் கிடைக்கும் விலை வேறு, எடைக்குப் போடும் விலை வேறு. ஆனால் பழைய மில்களில் இன்னும் சில இடங்களில் நிற்கும் கனமான ஃப்ளைவீல் கொண்ட மெது ஓட்ட இன்ஜின்களைப் பற்றி நம் கருத்து வேறு. 1930 வாக்கில் இங்கிலாந்தில் லிஸ்டர் கம்பெனி கொண்டுவந்த மாதிரியைப் பின்பற்றி ராஜ்கோட்டில் செய்யப்பட்டவை அவை. நிமிடத்துக்கு 650 சுற்றுதான் ஓடும். பேட்டரி வேண்டாம், கையால் சுற்றினால் கிளம்பும். புயல் நாளில் கைகொடுக்கக் கூடியது அதுதான். எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இந்த வேலையை ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்றால் நடக்காது என்பதை அறிவோம். சேவுகப்பெருமாள் அய்யனார் கோவில் வைகாசித் திருவிழா முடிந்து, ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் நமக்கு நாலு மாதம் கிடைக்கிறது. சங்கம் நல்ல மெக்கானிக் இருவரைப் பேசி, தெருவாரியாக நாள் குறித்து, ஆயிலைப் பேரலாக வாங்கிப் பங்கிட்டால் ஆளுக்குச் செலவு பாதியாகும். வடித்த பழைய ஆயிலை ஒரே இடத்தில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் கொடுக்கலாம். அப்போதே யாரிடம் எத்தனை கே.வி.ஏ. செட் இருக்கிறது, ஓடும் நிலையில் உள்ளதா என்று ஒரு நோட்டில் பதிந்துகொள்ளலாம். ஊருக்கே மின்சாரம் போகும் நாளில் மருந்துக்கடை ஃபிரிட்ஜுக்கும் தெருக்குழாய் மோட்டாருக்கும் எந்தச் செட்டைக் கொடுப்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்க அந்த நோட்டு போதும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாகச் சேர்க்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம். அதற்குள் கொல்லைப்புறத்துச் சாக்கை உறுப்பினர்கள் எடுத்துவிடலாம்.