லே நகரில் விடுதி பூட்டும் நேரம்

ஐப்பசி பிறந்தால் நம்மூரில் துணிக்கடையில் நிற்க இடம் இருக்காது. அதே நாட்களில் லடாக்கின் லே நகரில் தங்கும் விடுதிகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன.

சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. அங்குள்ள கெஸ்ட் ஹவுஸ்களில் பல, குடியிருக்கும் வீட்டிலேயே சில அறைகளை வாடகைக்கு விட்டுக் குடும்பமாக நடத்துபவை. மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல வியாபாரம். அந்த வருமானத்தில் பன்னிரண்டு மாதம் ஓட்ட வேண்டும்.

விடுதியை மூடுவது என்றால் பூட்டுப் போட்டுவிட்டுப் போவதில்லை. முதல் வேலை தண்ணீர். குளிர்கால இரவுகளில் மைனஸ் 20 டிகிரி வரைகூடப் போகும். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும்; குழாய் வெடித்துவிடும். அதனால் மொட்டைமாடித் தொட்டி, கீசர், ஃப்ளஷ் டேங்க் எல்லாவற்றையும் காலி செய்து, குழாய்களைத் திறந்தே விடுவார்கள். ஏதோ ஒரு வளைவில் கொஞ்சம் தண்ணீர் தங்கினாலும் போச்சு. சீசன் தொடங்கும்போது சுவரை உடைக்கும் செலவு காத்திருக்கும்!

அதன் பிறகு தண்ணீரே தேவைப்படாத பழைய உலர் கழிப்பறைதான் வீட்டாருக்குக் கைகொடுக்கும். மண் போட்டு மூடினால் வயலுக்கு உரமும் ஆச்சு. ரஜாய்களை வெயிலில் காயவைப்பது, உருளைக்கிழங்கையும் கேரட்டையும் குழியில் புதைத்து வைப்பது என வேலைகள் நீளும். கடைசியில் புகாரி அடுப்பு எரியும் ஒரே அறையில் மொத்தக் குடும்பமும் கூடிவிடும்.

இப்போதெல்லாம் பனிச்சிறுத்தை பார்க்கக் குளிர்காலத்திலும் ஆட்கள் வருகிறார்கள். 'ஒரு அறையையாவது திறந்து வைக்கலாமா?' என்ற பேச்சு வீட்டில் எழும். ஒரு விருந்தாளிக்காக அடுப்பு எரிக்க வேண்டும், வெந்நீர் சுமக்க வேண்டும். திறக்கலாம் என்பவர் ஒருவர், வாளி தூக்குபவர் இன்னொருவர் என்றால் அந்த வருமானத்தில் நிம்மதி இருக்காது. டிசம்பர் வாக்கில் வரும் லோசர் புத்தாண்டையாவது வீட்டு மனுஷர்களாகக் கொண்டாட வேண்டாமா?

அக்டோபர் பாதிக்கு மேல் லே போகிறீர்களா? பணம் கட்டும் முன் போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள்: குழாயில் தண்ணீர் வருமா, அறையில் ஹீட்டர் உண்டா, சாப்பாடு கிடைக்குமா? 'வாளியில்தான் வெந்நீர்' என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். பேரமும் வேண்டாமே!